நாமே எழுதிய நிரலை ஆன்டிவைரஸ் ட்ரோஜன் என்றால்

கேள்வி: கடைகளுக்கான சிறிய பில்லிங் நிரலைப் பைத்தானில் எழுதி, பைஇன்ஸ்டாலரால் ஒற்றை இஎக்ஸ்இ கோப்பாக்கிக் கொடுக்கிறேன். வாடிக்கையாளர்களின் கணினியில் விண்டோஸ் டிஃபெண்டர் அதை 'வக்காடாக்.பி!எம்எல்' என்ற ட்ரோஜனாகக் கருதி நீக்கிவிடுகிறது. ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். முதலில், இது பொய் எச்சரிக்கைதானா என்று உங்கள் பக்கம் உறுதி செய்துகொள்ளுங்கள். 2009இல் பரவிய இண்டக் வைரஸ், டெல்ஃபி என்ற நிரல்மொழியின் கம்பைலர் (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும் கருவி) பயன்படுத்தும் நூலகக் கோப்பிலேயே புகுந்துகொண்டதால், அந்தக் கணினிகளில் உருவான ஒவ்வொரு நிரலும், எழுதியவருக்கே தெரியாமல், வைரஸோடுதான் வெளியே போனது. ஆகவே கணினியை முழுமையாகச் சோதித்து, பைத்தானையும் நூலகங்களையும் அதிகாரபூர்வத் தளங்களிலிருந்து புதிதாக நிறுவி, மீண்டும் பில்டு செய்து பாருங்கள்.

அப்போதும் அதே பெயர் வந்தால், கடைசியில் உள்ள 'எம்எல்' என்பதைக் கவனியுங்கள். தெரிந்த வைரஸ் ஒன்றோடு உங்கள் கோப்பு பொருந்தியதாக அதற்குப் பொருளில்லை. இயந்திரக் கற்றல் மாதிரி சாயலை வைத்துச் செய்த ஊகம் அது. சாயலுக்குக் காரணமும் உண்டு. ஒற்றைக் கோப்பாகச் செய்த நிரல், திறந்தவுடன் பைத்தானையும் நூலகங்களையும் தற்காலிகக் கோப்புறை ஒன்றில் விரித்துப் போட்டுவிட்டு அங்கிருந்து ஓடுகிறது. தீநிரல்கள் பலவும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. போதாக்குறைக்கு, பைஇன்ஸ்டாலர் தயார்நிலையில் தரும் பூட்லோடரை (நிரலைத் தொடங்கிவைக்கும் சிறு பகுதி) தீநிரல் எழுதுவோரும் பயன்படுத்துவதால், அவர்கள்மீது விழும் பழி உங்கள் தலையிலும் விழுகிறது. (2010 ஏப்ரலில் மெக்காஃபி ஆன்டிவைரஸின் ஒரு புதுப்பிப்பு விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பான எஸ்விசிஹோஸ்ட்டையே வைரஸ் என்று பிடித்துக் கணினிகளை முடக்கியது, நமக்கு மட்டும் நேர்வதல்ல.)

எனவே ஒற்றைக் கோப்பு முறையை விட்டு, 'ஒன்டிர்' என்னும் கோப்புறை முறையில் பில்டு செய்யுங்கள். கோப்பின் அளவைக் குறைக்கும் யூபிஎக்ஸ் சுருக்கத்தை நிறுத்துங்கள். பூட்லோடரை மூலநிரலிலிருந்து நீங்களே கம்பைல் செய்துகொள்வது சற்றுச் சிரமம்தான் என்றாலும், என் பார்வையில் அதுவே அதிகம் பலன் தரக்கூடியது. நிரலை வெளியிட்டவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பமும் உதவும். ஆனால் செலவு உண்டு, அது மட்டுமே போதுமென்ற உறுதியும் இல்லை.

வைரஸ்டோட்டல் என்ற இணையதளத்தில் கோப்பை ஏற்றினால் சுமார் 70 ஆன்டிவைரஸ்களின் கருத்து ஒரே பக்கத்தில் கிடைக்கும். ஏற்றிய கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களின் கைக்கும் போகுமாதலால், உள்ளே கடவுச்சொல்லோ வாடிக்கையாளர் தரவோ இருந்தால் ஏற்றாதீர்கள். பிறகு மைக்ரோசாஃப்டின் கோப்பு ஆய்வுப் பக்கத்தில், மென்பொருள் உருவாக்குநர் என்ற முறையில், தவறான கண்டறிதல் என்று குறித்து அனுப்புங்கள். அனுப்பிய பின் ஒரு வரியை மாற்றி மறுபடி பில்டு செய்தாலும் அது வேறு கோப்பு. பழைய ஒப்புதல் அதற்குச் செல்லாமல் போகலாம்.

அதுவரை காத்திருக்க இயலாத கடைக்காரருக்கு, கோப்பின் ஷா-256 எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) தனியே அனுப்பி, விண்டோஸில் உள்ள சர்ட்யூட்டில் கட்டளையால் ஒப்பிட்டுப் பார்த்தபின், உங்கள் நிரலின் கோப்புறைக்கு மட்டும் டிஃபெண்டரில் விலக்கு தரச் சொல்லுங்கள். டவுன்லோட்ஸ் கோப்புறைக்கு ஒருபோதும் தரவேண்டாம்.