ஒற்றைப் பெடல் போதுமா? – ஹெவி மெட்டல் டிரம்ஸ் கேள்வி பதில்

வடசென்னையின் மெல்லிசைக் குழுக்களில் நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்துவிட்டு, இப்போது பெரம்பூரில் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறேன். மெட்டல் ஆல்பங்களில் எனக்குப் பிடித்த டிரம்ஸ் வாசிப்புகளைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தண்டையார்பேட்டை வாசகர்: மாஸ்டர், ஒரே ஒரு ஆல்பத்தைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள்?

பிளாக் சபாத் 1970-இல் வெளியிட்ட ‘பாரனாய்டு’ ஆல்பத்தை. அதில் டிரம்ஸ் வாசித்த பில் வார்டைவிட வேகமாக வாசித்தவர்கள் பின்னாளில் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டார்கள் என்றாலும், ‘வார் பிக்ஸ்’ பாடலில் அவர் செய்ததை இன்றும் என் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன். கிட்டார் இரண்டு அடி அடித்துவிட்டு நின்றுவிடும். அந்த வெற்றிடத்தில் மூடிய ஹை-ஹாட் (ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் ஜோடிச் சிம்பல்) மட்டும் நடந்துகொண்டிருக்க, பாடகர் அதன்மேல் தனியாகப் பாடுவார். அங்கே கை பரபரத்து ஒரு உருட்டல் போட்டிருந்தால் பாட்டே கெட்டிருக்கும். வார்டு ஜாஸ் கேட்டு வளர்ந்தவர் என்பதால், கனமான பாட்டிலும் அவருடைய கையில் ஜாஸுக்கே உரிய ஒரு ஊசலாட்டம் இருக்கிறது.

கொருக்குப்பேட்டை வாசகர்: டேவ் லொம்பார்டோவை மறந்துவிட்டீர்களே?

மறக்கவில்லை, தம்பி. அவர் டிரம்ஸ் வாசித்த ஸ்லேயர் குழுவின் ‘ரெய்ன் இன் பிளட்’ (1986) மொத்தமே ஏறத்தாழ 29 நிமிடம்தான் என்பதால், 60 நிமிடக் கேசட்டின் ஒரே பக்கத்தில் அந்த ஆல்பம் முழுவதும் அடங்கிவிடும்; மறுபக்கத்திலும் அதையே பதிந்து வைத்திருந்தவன் நான். ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’ பாடலின் பிற்பகுதியில் மற்ற எல்லாம் ஓய்ந்து, இரண்டு கால்களின் ஓட்டம் மட்டும் சில நொடிகள் கேட்கும். எல்லோரும் அந்த நொடிகளைத்தான் பேசுகிறார்கள். நான் வியப்பது, அத்தனை வேகத்திலும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுவதை. இரண்டு கால்களாலும் பேஸ் டிரம்மை அடிக்கும் டபுள் பேஸின் பழைய ஓட்டம் ஒன்றைக் கேட்க விரும்பினால் மோட்டார்ஹெட்டின் ‘ஓவர்கில்’ (1979) தொடக்கத்தைக் கேளுங்கள்.

ராயபுரம் வாசகர்: என்னிடம் பேஸ் டிரம்மை ஒரு காலால் அடிக்கும் ஒற்றைப் பெடல்தான் இருக்கிறது, டபுள் பெடல் வாங்க வசதியில்லை. மெட்டல் வாசிக்க முடியுமா?

முடியும். அயர்ன் மெய்டனின் நிக்கோ மெக்பிரெய்ன் ஒற்றைப் பெடலில் வாசித்தே பெயர் வாங்கியவர், அதுவும் வெறுங்காலில். அவர் அந்தக் குழுவில் சேர்ந்து வாசித்த முதல் ஆல்பமான ‘பீஸ் ஆஃப் மைண்ட்’ (1983), ‘வேர் ஈகிள்ஸ் டேர்’ பாட்டில் அவருடைய டிரம்ஸ் உருட்டலோடுதான் தொடங்குகிறது. அந்தப் பாட்டின் கால் வேலையை இரண்டு பெடல் வைத்துக்கொண்டே திணறுபவர்கள் உண்டு. 2023-இல் பக்கவாதம் வந்த பிறகும் மேடைக்குத் திரும்பி, 2024 டிசம்பர் வரை அவர் சுற்றுப்பயணங்களில் வாசித்தார்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு திருவிழாக் கச்சேரியில், இரண்டாம் பாட்டிலேயே என் பெடலின் ஸ்பிரிங் அறுந்துவிட்டது. மாற்று ஸ்பிரிங் கொண்டுவராதது என் தவறு. மீதிக் கச்சேரி முழுவதும் கிக் (பேஸ் டிரம்மின் கால் அடி) விழ வேண்டிய இடங்களில், தரையில் நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாமைக் கையால் அடித்து ஓட்டினேன். எந்தெந்த அடி உண்மையில் தேவை, எது வெறும் பழக்கத்தில் விழுகிறது என்று அன்று இரவு தெரிந்துகொண்டேன். ஆகவே பணம் சேரும்வரை காத்திருக்காமல், இருக்கும் ஒற்றைப் பெடலில் அடுத்தடுத்து இரண்டு அடிகளைச் சமமாக விழச் செய்யப் பழகுங்கள். பெரும்பாலும் இரண்டாவது அடிதான் இளைத்துப்போகும்.

வியாசர்பாடி வாசகர்: மெஷுகா குழுவின் ‘பிளீட்’ பாட்டை எண்ணவே முடியவில்லை. அது எந்தத் தாளம்?

கை நான்கு தட்டுத் தாளத்தில்தான் இருக்கிறது. உங்களைக் குழப்புவது கால். ‘ஆப்சென்’ (2008) ஆல்பத்தில் உள்ள இந்தப் பாட்டில் அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் தோமஸ் ஹாக்கேயின் கால்கள் கிட்டாரோடு ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் மூன்று மாத்திரைக் கூறுகளாக ஓட, அந்த மூன்றில் முதல் மாத்திரை இரண்டாகப் பிளந்து விழுகிறது. மற்ற பாட்டுகள் அனைத்துக்கும் சேர்த்துச் செலவிட்ட நேரத்தை இந்த ஒரு பாட்டுக்கே பயிற்சியில் செலவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

நமக்கு இது வாயால் பிடிபடும் சங்கதி. கையால் நான்கு தட்டுத் தட்டிக்கொண்டு, தட்டுக்கு நான்கு மாத்திரை என்று வைத்து, வாயால் ‘தகிட தகிட’ என்று விடாமல் சொல்லுங்கள். பதினாறு மாத்திரைக்குள் ஐந்து தகிட போக ஒரு மாத்திரை மிஞ்சும். அதனால் அடுத்த சுற்றின் முதல் தட்டு ‘த’வில் விழாமல் ‘கி’யில் விழும். மூன்று சுற்று முடிந்து இரண்டும் ஒன்றாகச் சேரும்போது வரும் நிம்மதி, தீர்மானம் (முடிவுக் கோவை) சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், வந்து விழும்போது வருவதுதான். இது வாயில் நிற்கும்வரை பெடலைத் தொடாதீர்கள்.

காசிமேடு வாசகர்: நம் பறைக்கும் மெட்டலுக்கும் தொடர்பு உண்டா?

வரலாற்றுத் தொடர்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பறை கேட்டு வளர்ந்த காதுக்கு பிரேசில் மெட்டல் குழுவான செபுல்டுராவின் ‘ரூட்ஸ்’ (1996) ஆல்பம் உடனே பிடித்துவிடும். பிரேசில் நாட்டின் தாள வாத்தியங்களைக் கார்லின்யோஸ் பிரவுன் அதில் கொண்டுவந்து சேர்க்க, குழுவின் டிரம்ஸ் கலைஞர் இகோர் கவலேரா சிம்பலைக் குறைத்து டாம்களிலேயே நெடுநேரம் உழல்கிறார். பறையில் தடித்த அடிக்குச்சி ஒரு வேலையும் மெல்லிய குச்சி வேறு வேலையும் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, இரண்டு கைகளையும் பிரித்து ஆளுவது புதிய பாடமே அல்ல.

திருவொற்றியூர் வாசகர்: மெட்டாலிகாவின் ‘செயின்ட் ஆங்கர்’ ஆல்பத்தில் ஸ்னேர் டிரம் ஏன் அப்படி ஒலிக்கிறது?

ஸ்னேரின் அடியில் இருக்கும் கம்பிகளைத் தளர்த்திவிட்டுப் பதிவு செய்ததால். 2003 முதல் கேட்கிறேன். எனக்கு இன்னும் பெயின்ட் டப்பாவாகத்தான் கேட்கிறது.

புளியந்தோப்பு வாசகர்: அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். கால் பயிற்சி எப்படிச் செய்வது?

தொந்தரவு தருவது சத்தத்தைவிடத் தரை வழியாக இறங்கும் அதிர்வுதான். கோணிப்பையை நான்காக மடித்து அதன்மேல் ஒரு பலகையையும், பலகையின்மேல் பெடலையும் வையுங்கள். சிலர் பெடலுக்கு எதிரே தலையணையைக் கட்டுகிறார்கள். அதில் பீட்டர் (பெடலின் அடிக்கும் தலை) திரும்பி எழாது, காலுக்கு வலு வரும், நிதானம் வராது. சைக்கிள் டியூபை வெட்டி மரக்கட்டையில் இறுக்கி ஒட்டினால் பீட்டர் ஓரளவு துள்ளும். நிமிடத்துக்கு 60 தட்டு என்று மெட்ரோனோமை வைத்துத் தொடங்கி, தட்டுக்கு இரண்டு அடியாக வாசியுங்கள். கீழ்வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால், எந்நேரம் வசதி என்று முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.