ஆங்கில 'கேஷ்', தமிழ்க் 'காசு' இரண்டும் ஒன்றா?

பாதி சரி. ரொக்கம் என்ற பொருளில் வரும் 'கேஷ்' பெட்டியிலிருந்து வந்தது. லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. அது இத்தாலியில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கெஸ்'. ஆங்கிலத்திலும் முதலில் பணப்பெட்டியைத்தான் குறித்தது. அப்புறம் உள்ளே இருந்த பணத்துக்கே பெயராகிவிட்டது. ஜெர்மன் 'காஸ்ஸெ', ஸ்பானிய 'காஹா' இன்றும் கடையில் பணம் கட்டும் இடத்தைக் குறிக்கின்றன.

ஆனால் ஆங்கிலத்தில் இன்னொரு 'கேஷ்' உண்டு: சிறு செப்பு நாணயம். அது நம் காசேதான்! போர்த்துகீசியர் வாயில் 'காய்ஷா' ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. அவர்கள் மொழியில் பெட்டிக்கும் 'காய்ஷா'தான் பெயர், அதனால்தான் இவ்வளவு குழப்பம். கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு 'பணம்' (அன்றைய ஒரு சிறு நாணயம்), 42 பணம் ஒரு வராகன் (பொன் நாணயம்). தரங்கம்பாடி டேனியர்களும் தங்கள் நாணயங்களில் 'காஸ்' என்றே பொறித்தார்கள்.