பழைய சாமானும் டிப்போசிட் காசும்: கேட்டதுக்குப் பதில்

மட்டக்களப்பு கல்லடியில வாகனக் கராச் வச்சிருக்கன், ஸ்டாட்டர் (என்ஜின ஸ்டார்ட் பண்றது), அல்டனேட்டர் (ஓடேக்க பெட்டரிய சார்ஜ் பண்றது) வேலைதான் கூட. பழைய சாமானக் குடுத்து டிப்போசிட் காச எடுக்கிறத பத்தி கனபேர் கேட்டிருந்தீங்க.

களுவாஞ்சிகுடி தம்பி: ரீபில்ட் அல்டனேட்டர், அதான் பழசத் திருத்தி விக்கிறது, ஒண்டு எடுத்தன், விலைக்கு மேல டிப்போசிட் எண்டும் ஒரு தொகை வாங்கிட்டாங்க. ஏமாத்துறாங்களா அண்ணன்?

இல்ல தம்பி. ரீபில்ட் பண்றவனுக்கு உங்கட பழசுதான் சரக்கு. பிரஷ், பெயாரிங், டயோட் எல்லாம் மாத்திப் போடலாம், ஆனா அலுமினியக் கூட்டையும் உள்ளுக்க சுத்துற ரோட்டரையும் புதுசா செய்யப் போனா கட்டாது, அதான் பழசு வந்து சேரட்டும் எண்டு காசப் பிடிச்சு வைக்கிறாங்க.

கல்முனை நானா: வேல செய்யாதத எடுப்பாங்களா?

எடுப்பாங்க நானா, வேல செய்யாததுதானே மாத்துறோம். கூடு வெடிச்சிருந்தா, போல்ட் பூட்டுற காது ஒடிஞ்சிருந்தா, வெள்ளத்துக்க கிடந்து கறள் பிடிச்சு இறுகியிருந்தாத்தான் வேணாம் எண்டுவாங்க. எல்லாத்தையும் விட முக்கியம், கழட்டாதீங்க. என்ட கராச்சில ஒருக்கா பையன் ஸ்டேட்டர்ல, அதான் ரோட்டரச் சுத்தி அசையாம இருக்கிற சுருள்ல, இருந்த செம்புக் கம்பிய உருவி இரும்புக் கடைக்குப் போட்டுட்டான், நான் மிச்சத்த பெட்டியில போட்டு கொழும்புக்கு அனுப்பினன், தூக்கிப் பாத்த உடனே பாரம் காணாது எண்டு திருப்பி அனுப்பிட்டாங்க. செம்பு வித்த காசு டிப்போசிட்டுல கால்வாசி கூட வராது. புதுசு வந்த பெட்டியிலயே பழசப் போட்டு பில்லயும் வச்சுக் குடுங்க.

அக்கரைப்பற்று தம்பி: சாமான் எடுத்து மூணு மாசமாச்சு, பழச இன்னும் குடுக்கல, இனி டிப்போசிட் காசு தருவாங்களா?

பில்லுக்குப் பின்பக்கம் தவணை போட்டிருக்கும், கடைக்குக் கடை வேற. இண்டைக்கே கோல் எடுங்க.

ஏறாவூர் தங்கச்சி: பழைய பெட்டரி அசிட்ட ஊத்திட்டுக் குடுக்கவா?

ஐயோ ஊத்தாதீங்க தங்கச்சி! நம்மட மணல் தரையில ஊத்தினா நேரா கிணத்துத் தண்ணிக்குத்தான் போகும், ஈயமும் சேந்து போகும். பெட்டரிட நிறையில பாதிக்கு மேல ஈயம், கடைக்காரன் பழசுக்காக புது பெட்டரிட விலையில காசு கழிக்கிறதும் அதுக்குத்தான். நிமித்தி வச்சு அப்படியே கொண்டு போங்க.

செங்கலடி தம்பி: டொயோட்டா அக்வா காருட (பெற்றோலிலயும் பெட்டரியிலயும் ஓடுற ஹைபிரிட்) பெரிய பெட்டரிய நானே கழட்டிக் குடுக்கலாமா?

வேணாம் மனே. உள்ளுக்க 20 மொடியூல், அதான் சின்னச் சின்ன பெட்டரித் துண்டு, ஒண்டு 7.2 வோல்ட், மொத்தம் 144 வோல்ட். காரு ஓடாட்டியும் கரண்ட் உள்ளுக்கதான் நிக்கும். கரண்டுக்கு எண்டே வாற ரப்பர் கிளவுஸ் போட்டு, கரண்ட வெட்டுற சேவிஸ் பிளக்க கழட்டி, பழகினவர்தான் கை வைக்கணும். அனேகமா ஒண்டு ரெண்டு மொடியூல் செத்துதான் டாஷ்போர்டுல பெட்டரி பிழை எண்டு லைட் எரிஞ்சிருக்கும், நல்ல மொடியூல் மிச்சம் கிடக்கிறதாலதான் பழசுக்கும் நல்ல விலை. பழசுக்கு விலையில எவ்வளவு கழிப்பீங்க எண்டு புதுச வாங்க முதலே கேட்டு பில்லுல எழுதி எடுங்க.