பழைய பிரிட்டிஷ் நாணயங்களின் பெயரை ஆங்கிலக் கதையில் எப்படி எழுதுவது?

1900 வாக்கில் லண்டனில் நடக்கும் கதையை ஆங்கிலத்தில் எழுதுகிறீர்கள், கினி, ஷில்லிங், ஹாஃப்-கிரவுன் எல்லாம் எங்கே எப்படி வரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நாணயம் வேறு, தொகை வேறு. இதைப் பிரித்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

கினியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1663 முதல் அடிக்கப்பட்ட தங்க நாணயம் அது, 1717இல் 21 ஷில்லிங் (ஒரு ஷில்லிங் 12 பென்னி) என்று மதிப்பு நிலைத்தது, 1817இல் 20 ஷில்லிங் மதிப்புள்ள சாவரின் என்ற தங்க நாணயம் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் நாணயம் போன பிறகும் கணக்கில் பெயர் நின்றது. மருத்துவர், வக்கீல் கட்டணம், ஓவியத்தின் விலை, பந்தயக் குதிரையின் விலை எல்லாம் அப்போது கினியில்தான் பேசினார்கள். அதனால் உங்கள் கதையில் மருத்துவர் ஒரு கினி கேட்கலாம், தாராளமாக. நோயாளி பையிலிருந்து எடுத்து வைப்பது மட்டும் ஒரு சாவரினும் ஒரு ஷில்லிங்குமாக இருக்கட்டும். இந்த ஒரு வரி போதும், எழுதியவருக்கு அந்தக் காலம் தெரியும் என்று வாசகர் நம்பிவிடுவார்.

ஹாஃப்-கிரவுன் இதற்கு நேர் எதிர், அது கையில் புழங்கிய வெள்ளிக்காசு, இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். காசைச் சொல்லும்போது 'எ ஹாஃப்-கிரவுன்', தொகையைச் சொல்லும்போது 'ஹாஃப் எ கிரவுன்' அல்லது 'டூ அண்ட் சிக்ஸ்'. கடையில் தொங்கும் விலைச்சீட்டில் 2/6 என்றுதான் இருக்கும், அதை அப்படியே உரையாடலில் போடாதீர்கள், யாரும் கோடு போட்டுப் பேசுவதில்லை! பென்னியிலும் இதே கதைதான்: மேசைமேல் கிடக்கும் ஆறு காசுகள் பென்னீஸ், விலையாகச் சொன்னால் சிக்ஸ்பென்ஸ். அப்புறம் அந்தப் பெயரிலேயே ஒரு தனி வெள்ளிக்காசும் உண்டு, அதன் பன்மை சிக்ஸ்பென்ஸஸ்.

பேச்சுவழக்கில் ஷில்லிங்குக்கு 'பாப்' என்று பெயர், பத்து ஷில்லிங் 'டென் பாப்', பன்மைக்கு எஸ் சேர்க்கவே கூடாது. இந்தப் பெயர்களுக்கெல்லாம் வாக்கியத்தின் நடுவில் பெரிய எழுத்தும் வேண்டாம்.

இன்னொன்று, ஃபார்திங்கை விட்டுவிடாதீர்கள். கால் பென்னிதான், ஆனால் துணிக்கடைக்காரர்கள் விலையைப் பதினொன்றே முக்கால் பென்ஸில் முடிப்பார்கள், மீதி ஃபார்திங்குக்குப் பதில் ஒரு பொட்டலம் குண்டூசியைத் தள்ளிவிடுவதும் உண்டு.