உதவி பெறும் குழந்தையைக் குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாமா?

கேள்வி: மாதாமாதம் பணம் கட்டி வெளிநாட்டில் ஒரு குழந்தைக்கு உதவுகிறோம். குடும்பத்தோடு நேரில் போய்ப் பார்ப்பது சரியா? அந்தக் குழந்தைக்குச் சங்கடமாக இருக்காதா?

போய்ப் பாருங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் குழந்தையைவிட உங்களுக்குக் கூடுதலாக இருக்கும். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், வீட்டில் யாரோ ‘இதெல்லாம் வீண் செலவு, விளம்பரம்’ என்று சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டில் அதைச் சொன்னவர் என் மாமியார். அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது என்பதால் அவரையும் கூட்டிக்கொண்டுதான் போனோம்.

நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். கம்போடியாவில் கம்போங் தோம் மாநிலத்துச் சிறுமி ஒருத்திக்காக ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியாக மாதம் ஐம்பது சிங்கப்பூர் வெள்ளிக்கும் (டாலருக்கும்) குறைவாகக் கட்டுகிறோம். அந்தப் பணம் நேராக அவள் கைக்குப் போவதில்லை. ஊர்க் கிணறு, பள்ளிக் கழிப்பறை, ஆசிரியர் பயிற்சி என்று பொதுவில் செலவாகிறது. ‘பிறகு எதற்குக் குழந்தையின் படம்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். படம் இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் மூன்றாவது மாதமே நிறுத்திவிடுவோம், அது அவர்களுக்கும் தெரியும்.

நினைத்த நாளில் போய்க் கதவைத் தட்ட முடியாது. இரண்டு மாதங்களுக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். பெரியவர்கள் எல்லோரும் பின்னணிச் சரிபார்ப்புக்குச் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்திட வேண்டும். குழந்தையைத் தனியாக எங்கும் அழைத்துப் போகக் கூடாது, முகவரியோ தொலைபேசி எண்ணோ கொடுத்து வாங்கக் கூடாது, ஊர்ப் பெயரோடு படத்தை முகநூலில் போடக் கூடாது, கையில் பணம் கொடுக்கவே கூடாது. ‘நம்மைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்துவிட்டார்களா?’ என்று மாமியார் கொதித்தார். எனக்கு அந்தக் கெடுபிடிதான் பிடித்திருந்தது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று விடுகிற இடத்துக்கு நான் ஒரு வெள்ளி கொடுக்க மாட்டேன்.

சியெம் ரீப் நகரிலிருந்து ஆறாம் எண் நெடுஞ்சாலையில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் பயணம். பள்ளி விடுமுறை என்பதால் ஜூன் மாதம்தான் எங்களுக்கு வாய்த்தது. மழை தொடங்கி வயல் வேலை நடந்துகொண்டிருந்தது. கும்பகோணத்துக்காரரான மாமியார் கார் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ‘நாற்று விடாமல் நேரடியாக விதைத்திருக்கிறார்கள், களை மண்டப்போகிறது’ என்று ஊர் ஊராகக் குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

கால் நட்டு உயர்த்திக் கட்டிய மர வீடு. கீழே நிழலில் ஒரு ஏணை, இரண்டு மாடுகள். அப்பாவும் அம்மாவும் தாய்லாந்தில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார்கள், பிள்ளைகளைப் பாட்டி வளர்க்கிறார். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இது சாதாரணம். சிறுமி கைகூப்பிவிட்டுப் பாட்டியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஏன் கட்டிக்கொள்ள வேண்டும்? முன்பின் தெரியாத ஒரு கூட்டம் எங்கள் வீட்டுக்கு வந்தால் என் மகன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வர மாட்டான். அவள் எழுதிய கடிதங்களில் எப்போதும் ‘எனக்குக் கணிதம் பிடிக்கும்’ என்று இருக்கும். அதைப் பற்றிக் கேட்டோம். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டாள். அவர்தான் நெளிந்தார். எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான்.

அதன் பிறகு இறகு செருகிய பந்தைக் காலால் உதைக்கும் விளையாட்டைத் தொடங்கினார்கள். சிங்கப்பூரில் சாப்தே என்று பள்ளியிலேயே விளையாடுகிறோமே, அதேதான். என் மகன் தனக்கு நன்றாக வரும் என்று இறங்கி, அவளிடமும் அவளுடைய தம்பியிடமும் வரிசையாகத் தோற்றான்.

பாட்டி வெற்றிலைத் தட்டை மாமியார் பக்கம் நகர்த்தினார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. மாமியார் காம்பைக் கிள்ளி, பின்புறம் சுண்ணாம்பு தடவி, எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புகையிலையையும் சேர்த்து மடித்துப் போட்டுக்கொண்டார். தன் அம்மா புகையிலை போடுவார் என்பது என் கணவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். பிறகு அவர்கள் இருவருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. வாழையிலையில் வைத்து அவித்த வாழைப்பழப் பசையரிசிக் கட்டியைக் கொடுத்தார்கள், சைவக்காரரான மாமியார் இரண்டாவதும் கேட்டு வாங்கினார். ஏழை வீட்டில் சாப்பிடலாமா, அவர்களுக்கு மிஞ்சுமா என்றெல்லாம் யோசிக்காதீர்கள். உங்களுக்காகத்தான் செய்திருப்பார்கள், சாப்பிடுங்கள். அன்றைக்கு நீங்கள் அந்த வீட்டு விருந்தாளி, படியளக்க வந்தவர் அல்ல.

இதனால் மாமியார் மனம் மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். திரும்பும் வழியிலேயே ‘நல்ல ஜனங்கள்தான், ஆனாலும் நம்மூரில் இல்லாத ஏழையா?’ என்றார். நம்மூருக்கும் கொடுக்கிறோம், ரசீதைக் காட்டத்தான் மாட்டேன். சென்ற குடமுழுக்குக்கு என் கணவரின் பெரியப்பா வீட்டார் வசூலித்த தொகை கொஞ்சநஞ்சமல்ல. அழைப்பிதழில் என் மாமனார் பெயரைத் தப்பாக அச்சடித்தார்கள். கணக்குக் கேட்டதற்கு ‘சாமி காரியத்தில் கணக்கா?’ என்று என்னைத்தான் முறைத்தார்கள். கம்போடியாவிலிருந்து ஆண்டுதோறும் அறிக்கை வருகிறது. அதையும் யாரும் படிப்பதில்லை, அது வேறு கதை.

பணம் கரைந்துபோகிறது என்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்கப் பொருளியலாளர் புரூஸ் வைடிக்கும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இந்தியா உட்பட ஆறு நாடுகளில், இப்படி உதவி பெற்று வளர்ந்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 1.03 முதல் 1.46 ஆண்டுகள் வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். அது ஒரே ஒரு அமைப்பின் திட்டத்தைப் பற்றியது, எல்லா அமைப்புகளுக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. சண்டைக்கு வராதீர்கள்.

ஆனால் சியெம் ரீப்பில் டுக்டுக் ஓட்டுநர் யாராவது ‘அனாதை இல்லம் போகலாமா, பிள்ளைகள் நடனம் ஆடுவார்கள்’ என்று கேட்டால் இறங்கி நடந்துவிடுங்கள். 2005க்கும் 2010க்கும் இடையில் அந்த நாட்டில் இத்தகைய இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. அங்கே இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். வேடிக்கை பார்க்க ஆள் வருகிறவரை பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். சொந்த வீட்டில் பாட்டியோடு வளர்கிற பிள்ளையைப் போய்ப் பார்ப்பதையும் இதையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

பரிசு பெரிதாக வேண்டாம். ஒருத்திக்கு மட்டும் விலை உயர்ந்த பொம்மையைக் கொடுத்துவிட்டு நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், சண்டை அந்தத் தெருவில் நடக்கும். எல்லோரும் விளையாடும்படி இரண்டு பந்துகள், கொஞ்சம் நோட்டுப் புத்தகங்கள் போதும். பந்துகளைக் காற்றிறக்கி எடுத்துப் போங்கள், பம்பையும் ஊசியையும் அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள். கைச்செலவுக்கு அமெரிக்க டாலர் செல்லும், ஆனால் ஓரம் கிழிந்த நோட்டை யாரும் வாங்க மாட்டார்கள்.