கைதியா, எலியா? மருந்துச் சோதனை பற்றிய உங்கள் கேள்விகள்

பத்து வருடம் மருந்து நச்சியல் ஆய்வகத்தில், அதாவது மருந்து உடம்புக்கு என்ன கெடுதல் செய்யும் என்று சோதிக்கும் இடத்தில் இருந்தேன், அப்புறம் ஆய்வுகள் நெறிப்படி நடக்கின்றனவா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியில் உறுப்பினர். புது மருந்தை விலங்குகளிடம் சோதிப்பதா, அதற்குப் பதில் கைதிகளிடம் சோதிப்பதா என்ற விஷயத்தில் என்ன கேள்வி இருந்தாலும் கேளுங்கள் என்றதும் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

குழந்தையைக் கொன்றவனெல்லாம் சிறையில் மூன்று வேளை சாப்பிடுகிறான். வாயில்லா ஜீவன் எலியும் முயலும் என்ன தப்பு செய்தன? உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டுமே மேடம்.

உங்கள் கோபம் எனக்கும் வரும். அப்படி ஒரு செய்தியைப் படித்த அன்று நானும் இதைத்தான் நினைப்பேன். தண்ணீர் குடிக்கட்டும், ஆனால் எவ்வளவு என்று அளந்து கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை. பத்து வருடம் என்று தீர்ப்பு வந்தால் பத்து வருடச் சுதந்திரம் போகிறது. அவருடைய கல்லீரலும் சிறுநீரகமும் அந்தத் தீர்ப்பில் எழுதப்படவில்லை.

இன்னொன்று, எலிக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துதான் கேட்கிறீர்களா? மாத்திரை கொடுத்துவிட்டு மயக்கம் வருகிறதா என்று பார்ப்பது இல்லை இது. நுனியில் சிறு உருண்டை வைத்த ஊசிக்குழாயைத் தொண்டை வழியாக வயிற்றுக்குள் இறக்கி மருந்தைச் செலுத்துவோம், தினமும், பல வாரம். கடைசியில் அத்தனை எலிகளையும் கொன்று, மூளையிலிருந்து சிறுநீர்ப்பை வரை ஒவ்வோர் உறுப்பையும் மெல்லிய சீவலாக வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். கர்ப்பமான எலியின் கருக்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும். புற்றுநோய் வருமா என்று பார்க்கும் சோதனை 2 ஆண்டு ஓடும், அதாவது எலியின் கிட்டத்தட்ட முழு ஆயுளும். இதில் எந்தப் பகுதியைக் கைதிக்குச் செய்யச் சொல்கிறீர்கள்? “எலிக்குப் பதில் கைதி” என்று யோசிக்கும்போது எலியை வெட்டும் இந்த மேசை யார் கண்ணிலும் படுவதில்லை.

நிஜமாகவே கைதிகளிடம் செய்திருக்கிறார்களா, சும்மா பேச்சா?

செய்திருக்கிறார்கள், நிறைய. 1721இல் லண்டன் நியூகேட் சிறையில் தூக்குத் தண்டனை பெற்ற ஆறு பேருக்குப் பெரியம்மைச் சீழைக் கீறி ஏற்றினார்கள், பிழைத்தால் விடுதலை என்ற பேச்சில். ஆறு பேரும் பிழைத்து வெளியே வந்தார்கள். ஆனால் அவர்களில் ஒரு இளம்பெண்ணை, நோய் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக, பெரியம்மை கண்ட பிள்ளையோடு படுக்கவைத்தார்கள்.

அமெரிக்காவில் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறை இன்னும் மோசம். 1951 முதல் 1974 வரை, பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் அங்கே சோதனை நடத்தினார். கைதிகளின் முதுகில் பசைப்பட்டையால் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பொருளைத் தடவுவார்கள். முகப்பூச்சு, ஷாம்பு மட்டுமா, டையாக்சின் என்ற கொடிய நஞ்சைக்கூடத் தடவினார்கள். அந்தச் சிறைக்குள் முதலில் நுழைந்தபோது ஏக்கர் கணக்கில் தோல்தான் தன் கண்ணுக்குத் தெரிந்தது என்று அவரே பிறகு பேட்டி கொடுத்தார். தோல் மட்டும் தெரிந்திருக்கிறது பாருங்கள், ஆள் தெரியவில்லை. நகர நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது 2022இல்.

முதல் கேள்வி கேட்டவருக்கும் இதில் பதில் இருக்கிறது. அங்கே இருந்தவர்களில் பலர் கொலைகாரர்கள் இல்லை, விசாரணைக்குக் காத்திருந்தவர்கள், ஜாமீன் கட்டக் காசில்லாமல் உள்ளே கிடந்தவர்கள்.

ஆனால் கையெழுத்துப் போட்டார்கள், காசு வாங்கினார்கள். அப்புறம் என்ன தப்பு?

சிறை வேலைக்கு நாளுக்குச் சில சென்ட் கூலி கிடைக்கும் இடத்தில், முதுகைக் காட்டினால் பல டாலர் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ஒப்புதல் படிவத்தில் “நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்” என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். வெளியே இருப்பவர் படிவத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். கைதி விலகி எங்கே போவார், அதே அறைக்குத்தானே, அதே காவலரிடம்தானே. அந்தக் காவலர் மனம் கோணினால் நாளைக்கு வீட்டிலிருந்து வந்த கடிதம் தாமதமாகும், வீட்டார் பார்க்க வரும் நேரம் குறையும். இந்தச் சூழலில் வரும் “சரி”யை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இதில் என் கருத்து மாறப்போவதில்லை.

நியூரம்பர்க் தீர்ப்போடு இதெல்லாம் முடிந்துவிட்டதாகப் படித்தேனே?

முகாம் கைதிகளிடம் சோதனை நடத்திய நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்பு அது. மனிதரிடம் சோதனை செய்வதற்கு 1947இல் அதில் வந்த விதிகள் பத்து. முதல் விதியே சுயமான சம்மதம். வழக்கு நடந்தபோது நாஜி மருத்துவர்கள் தரப்பு, அமெரிக்காவில் இல்லினாய் மாநில ஸ்டேட்வில் சிறையில் கைதிகளுக்கு மலேரியா ஏற்றியதைச் சுட்டிக்காட்டி “நீங்களும்தானே” என்று வாதாடியது. ஹோம்ஸ்பர்க் அதற்குப் பிறகுதான் தொடங்கியது என்பதைக் கவனியுங்கள். அதே பத்தில் மூன்றாவது விதி, மனிதச் சோதனை விலங்குச் சோதனை முடிவுகளின் மேல் அமைய வேண்டும் என்கிறது. மனிதரைக் காக்க எழுதிய ஏடு பாரத்தை விலங்கின் மேல் ஏற்றிவிட்டது. இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

எலிக்கும் மனிதருக்கும் உடம்பு வேறு. விலங்குச் சோதனையே வீண் என்கிறார்களே?

பாதி உண்மை. 2006இல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தைக் குரங்குகளுக்குக் கொடுத்ததில் 500இல் ஒரு பங்கு அளவே ஆறு ஆண்களுக்கு ஏற்றினார்கள். குரங்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆறு பேரும் சில மணி நேரத்தில் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். மறுபக்கம், 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற கிருமிக்கொல்லி மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்து, எந்த விலங்கிடமும் சோதிக்காமல் விற்றதில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் குழந்தைகள். சில எலிகளிடம் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

உங்களுக்குக் குற்ற உணர்ச்சி இல்லையா? (கால்நடை மருத்துவ மாணவி)

இருக்கிறதம்மா. நாம் தூக்கும் விதத்தை எலி பழகிக்கொள்ளும். மூன்றாவது வாரம் கூண்டைத் திறந்தால் ஓடாது, கையை மோந்து பார்க்கும். அந்தக் கையாலேயே கடைசி நாளில் அதைத் தூக்க வேண்டும். யாரிடமும் சம்மதம் கேட்காமல் எடுத்துக்கொண்ட உயிர் என்பதால்தான் எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை, மாற்று வழி இருந்தால் மாற்று என்று சண்டை போடுகிறேன். நடக்கவும் செய்கிறது. ஊசி மருந்தில் காய்ச்சல் உண்டாக்கும் பொருள் இருக்கிறதா என்று பார்க்க முன்பு முயல்களை மணிக்கணக்கில் கட்டிவைத்து ஆசனவாயில் வெப்பமானி செருகிவைப்பார்கள், இப்போது அதை பெரும்பாலும் சோதனைக் குழாயிலேயே பார்க்கிறோம்.

விலங்குச் சோதனை சட்டப்படி கட்டாயமா?

அமெரிக்காவில் 2022 கடைசியில் வந்த சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது, மனிதச் செல், கணினி மாதிரி முடிவுகளையும் காட்டலாம். உடனே எலி தேவைப்படாமல் போய்விடும் என்று நினைக்க வேண்டாம்.

அப்படியானால் கைதிகளிடம் எந்த ஆய்வும் கூடாதா?

அப்படி நான் சொல்லவில்லை. காசநோயும் ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோயும் வெளியே இருப்பதைவிடச் சிறைக்குள் அதிகம். அவர்களை ஒதுக்கினால் அவர்களுக்கான சிகிச்சையும் வராது. அமெரிக்காவின் 1978 விதிகள் இதில் நல்ல வழி காட்டின: கமிட்டியில் ஒரு கைதியோ அவர்கள் சார்பில் பேசக்கூடியவரோ இருக்க வேண்டும், பங்கேற்றதற்காகப் பரோலில் சலுகை கூடாது.

எங்கள் கமிட்டிக்கும் சிறையில் இருந்துவிட்டு வந்த ஒருவரை அழைத்தோம். காசநோய் ஆய்வுக்கான படிவம். டாக்டர்கள் நாங்கள் டோஸ் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். அவர் கேட்டது ஒன்றுதான்: “வேண்டாம்னு சொன்னவன் பேரு காவலருக்குத் தெரியுமா?” யாரிடமும் பதில் இல்லை. அன்றைக்கே திட்டத்தைத் திருத்தினோம். சம்மதித்தவர், மறுத்தவர் எல்லாரும் அதே அறைக்குள் ஒவ்வொருவராகப் போய், அதே இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டு, அதே மாதிரி மூடிய உறையோடு வெளியே வருவார்கள்.