வெளிநாட்டு எம்பிஏ: இடம் கிடைத்துவிட்டது, போகலாமா?

கேள்வி: வயது 29. உற்பத்தித் துறையில் ஆறு ஆண்டு அனுபவம். ஐரோப்பாவில் ஒரு பிசினஸ் ஸ்கூலில் ஓராண்டு எம்பிஏ படிக்க இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகை இல்லை, முழுக்கக் கடன்தான். ‘படித்து முடித்த மூன்று மாதத்தில் 80 சதவீதம் பேருக்கு வேலை’ என்கிறார்கள். நம்பிப் போகலாமா?

பதில்: எத்தனை பேரில் 80 சதவீதம் என்று தெரியாமல் முன்பணம் கட்டாதீர்கள்.

வேலைவாய்ப்பு அறிக்கைகளில் பொதுவாக வேலை தேடியவர்களை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். பழைய நிறுவனத்துக்கே திரும்பியவர்கள், சொந்தத் தொழில் தொடங்கியவர்கள், விவரம் தராதவர்கள் கழிந்துவிடுவார்கள். 100 பேர் வகுப்பில் இப்படி 30 பேர் கழிந்து, மிச்சம் 70 பேரில் 56 பேருக்கு வேலை கிடைத்தால் அறிக்கையில் அது 80 சதவீதம். பொய் இல்லை. ஆனால் அந்த 56 பேரில் விசா தேவைப்படும் வெளிநாட்டவர் எத்தனை பேர், அதே நாட்டில் வேலை வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய கணக்கு. கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். பிரித்துச் சொல்ல மறுத்தால் அதுவே ஒரு பதில்தான்.

தரவரிசையைப் பார்த்து மயங்க வேண்டாம். பிரிட்டிஷ் நாளிதழான ஃபைனான்ஷியல் டைம்ஸின் எம்பிஏ தரவரிசைப் பட்டியலில் வரும் சம்பளம், படித்து மூன்று ஆண்டு கழித்து வாங்குவது. அதையும் அந்தந்த நாட்டு விலைவாசிக்கேற்ப டாலரில் மாற்றியிருப்பார்கள். விலைவாசி குறைந்த நாட்டில் வேலை செய்பவரின் சம்பளம் அதில் பெரிதாகத் தெரியும். வங்கித் தவணையை அந்த டாலரில் கட்ட முடியாது. பிசினஸ் ஸ்கூல்களுக்குத் தரப்படும் ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ், ஆம்பா என்ற சர்வதேச அங்கீகாரங்கள் உள்ளனவா என்று பாருங்கள். அவை கல்வித் தரத்துக்குச் சான்று, வேலைக்கு அல்ல.

அடுத்தது விசா. ஜெர்மனியில் படித்தவர்களுக்கு வேலை தேட 18 மாதம் வரை அனுமதி உண்டு. எல்லா நாடும் அப்படியில்லை, விதிகளும் மாறும். அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் நீங்களே படியுங்கள், முகவர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஓராண்டுப் படிப்பில் செலவு குறைவு. ஆனால் இன்டர்ன்ஷிப்புக்குப் பெரும்பாலும் நேரம் இருக்காது. பிரான்ஸின் இன்சியாட் பிசினஸ் ஸ்கூலின் பத்து மாதப் படிப்பில்கூட, ஜனவரியில் சேருபவர்களுக்குத்தான் கோடையில் அதற்கு இடைவெளி கிடைக்கும். துறை மாற நினைப்பவருக்கு இது பெரிய இழப்பு. புதிய துறையில் கையில் அனுபவமே இல்லாமல் நேர்முகத் தேர்வில் உட்கார வேண்டியிருக்கும்.

செலவுக் கணக்கில் கட்டணம், தங்கும் செலவு, வட்டியோடு, இழக்கப்போகும் ஓராண்டுச் சம்பளத்தையும், அதன்பின் வேலை தேடும் மாதங்களையும் சேருங்கள். பிறகு ஒன்றைப் பாருங்கள்: வேலை கிடைக்காமல் ஊர் திரும்பி, இப்போதைய சம்பளத்திலேயே சேர்ந்தால் மாதத் தவணையைக் கட்ட முடியுமா?

முடியாதென்றால், அதே துறையில் பதவி உயர்வுக்காக இந்தக் கடனை வாங்க நான் சொல்லமாட்டேன். சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க அனுமதிப்பார்களா என்று கேளுங்கள், இல்லையேல் உதவித்தொகையோடு மறுபடி விண்ணப்பியுங்கள். துறை மாறுவதுதான் நோக்கம் என்றால், உங்களைப் போன்ற பின்னணியிலிருந்து போய்க் கடந்த இரண்டு ஆண்டுகளில் படித்து முடித்தவர்களை லிங்க்ட்இன்னில் தேடிப் பேசுங்கள். கல்லூரி அறிமுகப்படுத்தும் ஆட்களை விட்டு, நீங்களாகவே தேடியவர்களிடம் கேளுங்கள். அவர்களில் பலர் துறை மாறியிருந்தால், துணிந்து போகலாம்.